எலும்பு முறிவோடு காய்ச்சலும் சேர்ந்தால்: காலில் உறையும் ரத்தத்தைப் பற்றி ஓர் எளிய விளக்கம்

“ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சதுன்னுதான் சொன்னாங்க. அஞ்சாம் நாள் எழுந்து பாத்ரூம் போனார். அங்கேயே மூச்சு வாங்கி விழுந்துட்டார். ஹார்ட் அட்டாக்காம்.”

காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் பக்கம் துக்கம் கேட்கப் போன வீடுகளில் இந்தப் பேச்சு காதில் விழுந்திருக்கும். இப்படிச் சொல்லப்படும் மரணங்களில் சில மாரடைப்பே அல்ல. காலில் ஆழத்தில் ஓடும் சிரை ஒன்றில், அதாவது ரத்தத்தை இதயத்துக்குத் திரும்பக் கொண்டுபோகும் குழாயில், ரத்தம் உறைந்து கட்டியாகிறது. நோயாளி எழுந்து நடக்கும்போது அது பிய்த்துக்கொண்டு இதயத்தின் வலப்பக்கம் வழியாகப் போய் நுரையீரலின் ரத்தக் குழாயை அடைத்துவிடுகிறது. கட்டி பெரிதாக இருந்தால் சில நிமிடங்களில் உயிர் போகும். எலும்பு மருத்துவர் செய்த வேலையில் எந்தக் குறையும் இல்லாமலேயே இது நடக்கலாம்.

அடிபட்டுப் படுத்திருக்கும் எவருக்கும் இந்த ஆபத்து உண்டு. அதே சமயத்தில் ஃப்ளூ, கோவிட் போன்ற வைரஸ் தொற்றும் வந்து சேர்ந்தால் ஆபத்து இன்னும் கூடுகிறது. ஆனால் வீட்டில் என்ன சொல்கிறோம்? “அடிபட்ட காய்ச்சல், தானா போயிரும்.” இந்தக் கட்டுரையை எழுதுவதே அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான். அடிபட்டவருக்கு வரும் காய்ச்சலையும் சளியையும் சில்லறை விஷயமாக ஒதுக்காமல் மருத்துவரிடம் அன்றைக்கே சொல்லிவிட வேண்டும்.

நம் பகுதியில் எலும்பு முறிந்து படுப்பவர்கள் பெரும்பாலும் யார் என்று பாருங்கள். முதலில், பெரிய வீடுகளில் தனியாக இருக்கும் வயதானவர்கள். உயரமான நிலைப்படி, வழுவழுப்பான தரை, மழை பெய்தால் ஈரமாகும் வளவு, அதாவது வீட்டின் நடு முற்றம். பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள். ஆச்சி வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, யாராவது வந்து பார்க்கும்வரை சில மணி நேரம் தரையிலேயே கிடந்திருப்பார். அடுத்து, நெடுஞ்சாலையில் இரு சக்கர வாகனத்தில் போகும் இளைஞர்கள். தை பிறந்தால் சிராவயல் போன்ற இடங்களில் மஞ்சுவிரட்டு பார்க்கப் போய் மாடு முட்டி விழுபவர்களும் உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஊரெல்லாம் காய்ச்சல் பரவும். தையிலும் சளியும் இருமலும் நிற்பதில்லை. அதாவது, அடிபடும் காலமும் தொற்றுக் காலமும் நம் ஊரில் அடிக்கடி ஒன்றாகவே வருகின்றன.

ரத்தம் ஏன் உள்ளேயே உறைகிறது

விரலில் கத்தி பட்டால் ரத்தம் சிறிது நேரத்தில் நின்றுவிடுகிறது. ரத்தத்தில் இருக்கும் தட்டணுக்கள் (பிளேட்லெட்) வெட்டுவாயில் வந்து ஒட்டிக்கொள்கின்றன. ஃபைப்ரின் என்ற இழை அவற்றைப் பின்னி இறுக்குகிறது. இது இல்லாவிட்டால் சின்ன வெட்டுக்கே ஆள் பிழைக்க முடியாது. வெட்டுவாயில் உறைய வேண்டிய ரத்தம் குழாய்க்குள் உறைவதுதான் சிக்கல்.

குழாய்க்குள் உறைவதற்கு மூன்று காரணங்கள் உண்டு. ஜெர்மானிய மருத்துவர் ருடால்ஃப் விர்ஷோவின் பெயரால் மருத்துவ மாணவர்கள் இன்றும் அவற்றைப் படிக்கிறார்கள். ரத்த ஓட்டம் தேங்குவது, ரத்தக் குழாயின் உட்சுவர் சேதப்படுவது, ரத்தமே உறையும் தன்மை மிகுந்ததாக மாறுவது. அவருடைய பிறந்த நாளான அக்டோபர் 13-ஐத்தான் 2014 முதல் உலக ரத்த உறைவு தினமாகக் கடைப்பிடிக்கிறார்கள்.

தயிர் தோய்ப்பதை நினைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பான பால் வேண்டும், கொஞ்சம் உறைமோர் வேண்டும், பாத்திரத்தை யாரும் அசைக்கக் கூடாது. ஒன்று குறைந்தாலும் சரியாகத் தோயாது, மூன்றும் அமைந்தால் விடிவதற்குள் கெட்டியாகிவிடும். ஆரோக்கியமாக நடமாடும் மனிதருக்கு இந்த மூன்றும் ஒரே நேரத்தில் அமைவது அரிது. எலும்பு முறிந்து படுத்தவருக்கு ஓரிரு நாட்களிலேயே அமைந்துவிடுகிறது.

எப்படி என்றால், காலில் இருக்கும் ரத்தம் மேல்நோக்கி ஏற வேண்டும். அதைத் தள்ளிவிடுவது கெண்டைக்கால் தசை. நாம் ஒவ்வொரு அடி வைக்கும்போதும் அந்தத் தசை சிரையைப் பிழிகிறது. சிரைக்குள் இருக்கும் சிறு வால்வுகள் ஏறிய ரத்தம் மறுபடி இறங்காமல் தடுக்கின்றன. மாவுக்கட்டுப் போட்டுப் படுத்துவிட்டால் பிழிவதற்கு ஆள் இல்லை. ரத்தம் வால்வுகளின் மடிப்புகளில் மெதுவாகச் சுழன்றுகொண்டு நிற்கும். உறைகட்டி முதலில் உருவாவது பெரும்பாலும் அங்கேதான்.

எலும்பு உடையும்போதும் அறுவை செய்யும்போதும் பக்கத்துச் சிரைகளின் சுவர் நசுங்குகிறது. இது இரண்டாவது காரணம். மூன்றாவதைக் கொஞ்சம் கவனமாகப் பார்க்க வேண்டும். பலத்த அடி பட்ட முதல் சில மணி நேரத்தில் உடலுக்கு ரத்தப்போக்கு அபாயம்தான் அதிகம். அதன் பிறகு, ஏறக்குறைய ஓரிரு நாட்களில், நிலைமை எதிர்த்திசைக்குத் திரும்புகிறது. உடல் ரத்தப்போக்கை நிறுத்தத் தயாரித்த பொருட்கள் மிகுந்துபோய், ரத்தம் வேண்டாத இடத்திலும் உறையத் துடிக்கிறது. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம் சாலை விபத்தில் சிக்கியவர்களின் முதல் 48 மணி நேரத்தைக் கவனிக்கிறது. உயிர்காக்கும் நேரம் அது, மறுக்கவே முடியாது. ஆனால் உறைகட்டியின் காலம் அதற்குப் பிறகுதான் சூடு பிடிக்கிறது. “கண்டம் தாண்டிட்டார்” என்று வீட்டார் மூச்சு விடும் நேரமும் அதுவே.

இது எவ்வளவு சாதாரணமாக நடக்கிறது என்பதைக் காட்டும், கனடாவில் நடந்த ஆய்வு ஒன்று 1994-இல் வெளிவந்தது. பலத்த காயத்தோடு சேர்க்கப்பட்டு, உறைவைத் தடுக்க எந்த மருந்தும் கொடுக்கப்படாத 349 பேரின் கால் சிரைகளை, அறிகுறி இருந்தாலும் இல்லாவிட்டாலும், சாயம் செலுத்திப் படம் எடுத்துப் பார்த்தார்கள். 201 பேருக்குக் காலில் உறைகட்டி இருந்தது. அதாவது 58 சதவீதம். இன்னும் அதிர்ச்சி தரும் செய்தி வேறு. அந்த 201 பேரில் வெளியே தெரியும் அறிகுறி இருந்தது 3 பேருக்கு மட்டும்தான். “கால் வீங்கலை, வலிக்கலை, அதனால ஒண்ணும் இல்லை” என்று நினைப்பது எவ்வளவு தவறு என்று இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. எல்லாக் கட்டிகளும் நுரையீரலுக்குப் போவதில்லை, பல சின்னவை, தாமாகக் கரைந்தும் விடும். ஆனால் எது போகும், எது கரையும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது.

வைரஸ் வந்து சேரும்போது

தொற்று வந்தால் உடல் போருக்குத் தயாராகிறது. அந்தத் தயாரிப்பில் ரத்தத்தை உறைய வைப்பதும் ஒரு பகுதி, கிருமி பரவாமல் ஓரிடத்தில் அடைத்து வைக்கும் பழைய தந்திரம். கல்லீரல் ஃபைப்ரினோஜென் என்ற உறைபொருளைக் கூடுதலாகச் சுரக்கிறது. வெள்ளை அணுக்களில் ஒரு வகை, தன் உள்ளிருக்கும் டி.என்.ஏ. இழைகளையே வலைபோல வெளியே வீசிக் கிருமிகளைப் பிடிக்கிறது. அந்த வலையில் தட்டணுக்களும் சிக்கி ஒட்டிக்கொள்கின்றன. ரத்தக் குழாயின் உட்சுவர் சாதாரண நேரத்தில் ரத்தம் ஒட்டாதபடி வழுக்கலாக இருக்கும். அழற்சி கூடினால் அந்தச் சுவரே ஒட்டும் பொருளை வெளியிட ஆரம்பிக்கிறது. அப்புறம் காய்ச்சலில் வியர்த்து உடம்பு நீர் வற்றுகிறது, அசதியில் நோயாளி காலைக்கூட அசைக்காமல் கிடக்கிறார். விர்ஷோவின் மூன்று காரணங்களில் எதையும் வைரஸ் விட்டுவைக்கவில்லை பாருங்கள்.

கோவிட் வந்தபோதுதான் உலகம் இதை முழுதாக உணர்ந்தது. 2020-இல் நெதர்லாந்தில் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் இருந்த 184 கோவிட் நோயாளிகளைப் பற்றி ஒரு கணக்கு வந்தது. வழக்கமான உறைவுத் தடுப்பு மருந்து எல்லோருக்கும் கொடுத்திருந்தும், 31 சதவீதம் பேருக்கு உறைவுச் சிக்கல்கள் வந்திருந்தன. பெரும்பாலானவை நுரையீரல் அடைப்பு. ஆனால் இது கோவிட்டுக்கு மட்டுமான சங்கதி அல்ல. பிரிட்டனில் 2006-இல் வெளியான ஆய்வு ஒன்று, சாதாரண மூச்சுக்குழாய்த் தொற்று வந்த முதல் இரண்டு வாரங்களில் ஆழ்சிரை உறைவு ஏற்படும் வாய்ப்பு ஏறக்குறைய இரு மடங்காகிறது என்று கண்டது. அந்த ஆய்வில் இருந்தவர்கள் வெளியே நடமாடிக்கொண்டிருந்த பொதுமக்கள், கால் உடைந்தவர்கள் அல்ல.

அடியும் தொற்றும் சேர்ந்தால்? இதற்கு மிக அருகில் வரும் பெரிய தகவல் அறுவை சிகிச்சை நோயாளிகளிடமிருந்து கிடைக்கிறது. 115 நாடுகளில் 1,28,013 பேரைச் சேர்த்து ஓர் ஆய்வு நடந்து, 2022-இல் வெளியானது. கோவிட் இல்லாமல் அறுவை செய்துகொண்டவர்களில் 0.5 சதவீதம் பேருக்கு உறைவு வந்தது. அறுவையை ஒட்டிய நாட்களில் கோவிட் இருந்தவர்களில் அது 2.2 சதவீதம். நான்கு மடங்கு என்று தலைப்புப் போடத் தோன்றும், ஆனால் அது நியாயம் ஆகாது. கோவிட் இருந்தவர்கள் சராசரியாகக் கூடுதல் நோய்களோடு இருந்தார்கள். அதையெல்லாம் கழித்துப் பார்த்தால் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு மிஞ்சுகிறது. ஒன்று முதல் ஆறு வாரங்களுக்கு முன்பு கோவிட் வந்து தேறியவர்களிடமும் ஆபத்து ஏறக்குறைய இரு மடங்காக இருந்தது. அதாவது காய்ச்சல் விட்டுவிட்டதால் கணக்கு முடிந்துவிடவில்லை. அடிபடுவதற்கு மூன்று வாரம் முன்பு வந்த காய்ச்சலையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும் என்பது இதனால்தான்.

மருத்துவர்கள் என்ன செய்கிறார்கள்

வயிற்றுத் தோலில் போடும் ஒரு சின்ன ஊசியைப் பார்த்திருப்பீர்கள். பெரும்பாலும் அது எனாக்சபாரின், ஹெபாரின் வகையைச் சேர்ந்தது. ரத்தத்தை இளக்கும் ஊசி என்று சொல்வார்கள். உண்மையில் அது புதிதாக உறைவதைத் தடுக்கிறது. ஏற்கெனவே இருக்கும் கட்டியைக் கரைப்பது உடலின் வேலை. எடை, சிறுநீரகத்தின் நிலை, காயத்தின் தன்மை பார்த்து அளவை முடிவு செய்வார்கள். சிலருக்கு ஊசிக்குப் பதில் ஆஸ்பிரின் மாத்திரை கொடுப்பார்கள். “வெறும் ஆஸ்பிரினா?” என்று கவலைப்பட வேண்டாம். எலும்பு முறிந்த 12,211 பேரிடம் நடத்தி 2023-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், 90 நாட்களுக்குள் ஏற்பட்ட மரணங்களைப் பொறுத்தவரை ஆஸ்பிரின் எனாக்சபாரினுக்குச் சளைக்கவில்லை. கால் சிரை உறைவு மட்டும் ஆஸ்பிரின் பக்கம் சற்றுக் கூடுதலாக இருந்தது.

எல்லோருக்கும் முதல் நாளே ஊசி போட முடியாது. தலையில் ரத்தக் கசிவு, மண்ணீரலிலோ கல்லீரலிலோ கிழிசல், முதுகுத்தண்டில் காயம் இருந்தால் முதலில் ரத்தப்போக்கு நின்றதா என்று பார்க்க வேண்டும். ஸ்கேனில் கசிவு கூடவில்லை என்று உறுதியான பிறகுதான் தொடங்குவார்கள். அதுவரை காலில் உறை மாட்டி, காற்றால் அமுக்கி அமுக்கி விடும் கருவியைப் பயன்படுத்தலாம். கெண்டைக்கால் தசை செய்யாத வேலையை அது செய்யும்.

இந்த இடத்தில் டெங்குவைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். கோவிட்டும் ஃப்ளூவும் உறைவுப் பக்கம் இழுத்தால், டெங்கு ரத்தக்கசிவுப் பக்கமும் இழுக்கிறது. தட்டணுக்கள் இறங்குகின்றன, குழாய்ச் சுவர்கள் கசிகின்றன. கால் உடைந்தவருக்கு டெங்கு வந்தால் மருத்துவர் இரண்டு பக்கமும் பார்க்க வேண்டியிருக்கும். தட்டணுக்கள் 50,000-க்குக் கீழே போனால் பலர் ஊசியை நிறுத்தி, கருவியை மட்டும் நம்பி, எண்ணிக்கை ஏறியதும் மறுபடி தொடங்குவார்கள். டெங்குவாக இருக்கலாம் என்ற சந்தேகம் இருக்கும்போது ஆஸ்பிரினும், புரூஃபென் போன்ற வலி மாத்திரைகளும் ஆகாது. வலி தாங்கவில்லையே என்று வீட்டில் இருந்ததை எடுத்து வந்து கொடுப்பது பெரும் கேட்டில் முடியும்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. ஹெபாரின் வகை ஊசி தொடங்கி 5 முதல் 10 நாட்களுக்குள் தட்டணுக்கள் திடீரென இறங்கினால், அரிதாக அந்த மருந்தே காரணமாக இருக்கலாம். அப்போது தட்டணுக்கள் குறைந்தும் ரத்தம் அதிகமாக உறையும், பார்க்க முரண்பாடாகத்தான் இருக்கும். ஆகவே “ஊரெல்லாம் டெங்கு, இதுவும் டெங்குதான்” என்று நாமாக முடிவு செய்துவிடக் கூடாது. காய்ச்சல் என்றைக்குத் தொடங்கியது, ஊசி என்றைக்குத் தொடங்கியது என்று தேதியைக் குறித்து வைத்திருந்தால் மருத்துவருக்கு அது பெரிய உதவி.

சளி என்று நினைத்து விட்டுவிடும் மூச்சுத்திணறல்

தொற்று இருக்கும் நோயாளிக்கு மூச்சு வாங்கினால் எல்லோரும் நெஞ்சுச் சளியையே நினைப்பார்கள். ஆஸ்பத்திரியிலும் சில நேரம் அப்படி நடக்கும். நிமோனியாவாக இருக்கலாம், விலா எலும்பு முறிவாக இருக்கலாம், தொடை எலும்பு உடைந்த முதல் மூன்று நாட்களில் கொழுப்புத் துகள்கள் நுரையீரலுக்குப் போனதாகவும் இருக்கலாம். அந்தப் பட்டியலில் உறைகட்டியும் இருக்க வேண்டும். மெதுவாகக் கூடாமல் திடீரென்று வந்த மூச்சுத்திணறல், மூச்சை இழுக்கும்போது நெஞ்சில் குத்தும் வலி, காரணமில்லாமல் வேகமாக ஓடும் நாடி, எழுந்ததும் மயக்கம், இருமலில் ரத்தம். இவற்றில் எது வந்தாலும் அடுத்த ரவுண்ட்ஸ் வரை காத்திருக்காமல், இரவு இரண்டு மணியானாலும் செவிலியரை அழைக்க வேண்டும். அவர்கள் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

காலைப் பொறுத்தவரை, இரண்டு கால்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள். உடைந்த கால் வீங்குவது இயல்பு. நேற்றைவிட இன்றைக்குக் கூடியிருக்கிறதா, கெண்டைக்கால் இறுகிச் சூடாக இருக்கிறதா, அடிபடாத காலில் வீக்கம் வந்திருக்கிறதா என்பதுதான் முக்கியம். அடிபடாத காலிலும் உறைகட்டி வரும். சந்தேகம் வந்தால், ஒலி அலையால் ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன் எடுப்பார்கள், ஊசி குத்தாமல் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். நுரையீரலைப் பார்க்க, ரத்தத்தில் சாயம் செலுத்தி சி.டி. எடுக்க வேண்டும். உறைந்த ரத்தம் கரையும்போது வெளிவரும் துணுக்குகளை அளக்கும் டி-டைமர் என்ற ரத்தப் பரிசோதனையை கோவிட் காலத்தில் எல்லோரும் தெரிந்துகொண்டோம். ஆனால் எலும்பு முறிவும் அறுவையும் தொற்றும் தாமாகவே அந்த எண்ணை ஏற்றிவிடும். அதனால் காயம்பட்டவரிடம் அதை வைத்து மட்டும் உறைகட்டி இருக்கிறது என்று முடிவு கட்ட முடியாது.

இனி நம் பக்கத்து வழக்கம் ஒன்று. வீங்கிய காலை எண்ணெய் தேய்த்து உருவி விடுவது. அன்பினால்தான் செய்கிறோம். அடிபட்டுத் தோலுக்குக் கீழே நீலமாகக் கன்றிப்போவது வேறு, ஆழத்துச் சிரையில் உறைந்திருக்கும் கட்டி வேறு. இரண்டாவது இருக்கும் காலை அழுத்தி உருவினால் கட்டி பிய்ந்து மேலே போகலாம். மருத்துவர் சொல்லாமல் ஆஸ்பத்திரியில் இருப்பவரின் காலை யாரும் உருவ வேண்டாம், ஆச்சியே கேட்டாலும் வேண்டாம்.

தண்ணீர் விஷயமும் இப்படித்தான். பெட்பேன் வைக்கச் சங்கடப்பட்டு, பெண்கள் பலர் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்வார்கள். காய்ச்சல் வேறு இருந்தால் உடம்பு வேகமாக வற்றும். இதய, சிறுநீரக நோய்க்காக மருத்துவர் அளவு சொல்லியிருந்தால் தவிர, துணைக்கு இருப்பவர் கேட்டுக் கேட்டுக் கொடுக்க வேண்டும். “ஆச்சி, நீங்க குடிங்க, நான் பார்த்துக்கிறேன்” என்று ஒருவர் சொல்லிவிட்டால் அந்தத் தயக்கம் பாதி போய்விடும். கட்டுப் போடாத காலின் பாதத்தை முன்னும் பின்னும் மடக்கி நீட்டச் சொல்லுங்கள், விழித்திருக்கும்போது மணிக்கு ஒரு தரமாவது. பிசியோதெரபிஸ்ட் எழுந்து உட்காரச் சொன்னால் “பாவம், வலிக்குது, நாளைக்குப் பார்க்கலாம்” என்று தள்ளிப் போடாதீர்கள். இருமிக்கொண்டு வரும் சொந்தக்காரரை ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வாசலிலேயே நிறுத்துவதும் சிகிச்சைதான். மனத்தாங்கல் வந்தால் பிறகு சரிசெய்துகொள்ளலாம்.

சேர்த்த முதல் நாளே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று: “ரத்தம் உறையாமல் இருக்க என்ன செய்கிறீர்கள், எப்போது தொடங்குவீர்கள்?” இதைக் கேட்பது மருத்துவரைச் சந்தேகிப்பது ஆகாது. அப்போதே, முன்பு யாருக்காவது உறைவு வந்ததா, புற்றுநோய் சிகிச்சை நடக்கிறதா, ஹார்மோன் மாத்திரை சாப்பிடுகிறாரா, சமீபத்தில் பிரசவம் ஆனதா, வீட்டில் யாருக்குக் காய்ச்சல் என்பதையும் சொல்லிவிடுங்கள். காரைக்குடியில் சேர்த்து, சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ மதுரை ராஜாஜி மருத்துவமனைக்கோ மாற்றினால், கடைசியாக எத்தனை மணிக்கு ஊசி போட்டார்கள் என்பது சீட்டில் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். மாறும் வழியில் ஒரு வேளை விட்டுப்போவதும், இரண்டு முறை போட்டுவிடுவதும் நடக்கக் கூடியவை.

வீட்டுக்கு வந்த பிறகு

இடுப்பெலும்பு அறுவை செய்தவருக்கு உறைவுத் தடுப்பு மருந்து 35 நாட்கள் வரைகூடத் தொடரும். வீடு வந்ததும் “இனி எதுக்கு ஊசி” என்று நிறுத்துகிற வீடுகள் உண்டு. நிறுத்தும் தேதியை டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். மருந்து எடுக்கும்போது கருப்பாக மலம் போனால், சிறுநீரில் ரத்தம் வந்தால், கீழே விழுந்து தலையில் அடிபட்டால் உடனே காட்ட வேண்டும். சென்னைக்கு ரயிலில் உட்கார்ந்தே போவதோ, திருச்சியிலிருந்து பிள்ளைகளோடு விமானம் ஏறுவதோ மருத்துவரைக் கேட்ட பிறகுதான். வீட்டில் திடீரென மூச்சுத்திணறினால் ஆட்டோ தேடாமல் 108-ஐ அழைத்து, எலும்பு அறுவை எப்போது நடந்தது, காய்ச்சல் எப்போது வந்தது என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள்.

உறைகட்டி வந்தே விட்டது என்றாலும், நேரத்தில் கண்டுபிடித்தால் மருந்தால் குணமாக்கக் கூடியதுதான். குறைந்தது மூன்று மாதம் மாத்திரை சாப்பிட வேண்டியிருக்கும். இரண்டாவது வாரத்திலேயே வீக்கம் வடிந்துவிடலாம், அதைப் பார்த்து மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.